லாமி டீச்சர் கூப்பிட்ட பெயர்

இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதென்றால் லாமி டீச்சருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கானோ நகரத்தின் பழைய கோட்டை மதிலுக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே வாக்கப்பட்டவள். டாலா குன்றுக்கு எத்தனை படி, எந்தச் சந்தில் புகுந்தால் குர்மி சந்தை நெரிசலில் மாட்டாமல் வெளியே வரலாம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி இழுத்துக்கொண்டு போவாள்.

அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தி சுவைபா, லாமியின் மூத்த மகள். ஏழு வயது. அவள் பெயரை மட்டும் லாமி வாயால் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் தாய் தன் மூத்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், நாலு பேர் பார்க்கக் கொஞ்சவும் மாட்டாள். அது வெட்கங்கெட்டவள் செய்கிற வேலை. எல்லாப் பெண்களும் இதைக் கடைப்பிடிப்பவர்கள்தான். லாமி கொஞ்சம் அதிகப்படி. குழந்தையாயிருந்தபோது சுவைபா கட்டிலிலிருந்து விழுந்து வீறிட்டிருக்கிறாள். நாத்தனார் ஓடிவந்து தூக்கும்வரை லாமி அடுப்பை விட்டு நகரவில்லை. அடக்கமான மருமகள் என்று வீட்டில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரைக் கொண்டுபோய் உப்பில் ஊறப்போடலாம். அடுத்துப் பிறந்த இரண்டு பையன்களையும் செல்லப்பெயர் சொல்லி முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள். மூத்தவளுக்கு "ஏய்", "இவளே", அவ்வளவுதான்.

வகுப்பிலும் அதே கதை. வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த இடம் வந்ததும் லாமி ஒரு மூச்சு நிறுத்துவாள். அந்த இடைவெளியில் சுவைபா "உள்ளேன் டீச்சர்" என்பாள். பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது.

அன்று டாலா குன்று ஏறி, சந்தை பார்த்து, கோஃபர் மாதா என்ற மதில் வாசலருகே துணிக்கு நீலம் ஏற்றுகிற சாயக்குழிகளைப் பார்த்து முடித்தார்கள். பேருந்து கிளம்பும்முன் பதிவு எடுத்தாள். இடைவெளியில் குரல் வந்தது. வண்டி நகர்ந்தது.

மகாமா மாளிகை வாசலில் இறங்கியதும் மறுபடி எடுத்தாள். இடைவெளி வந்தது. நிறுத்தினாள். குரல் வரவில்லை. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தாள். பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் பில்கிசு என்ற சிறுமி அழ ஆரம்பித்தாள்.

கடைசிக் குழியை ஒருதரம் பார்த்துவிட்டு ஓடிவருகிறேன், அதுவரை எனக்குப் பதிலாக "உள்ளேன்" சொல்லு என்று சுவைபா கேட்டாளாம், இவளும் சொன்னாளாம். சாயக்குழி என்றால் தரையோடு தரையாக வாய் பிளந்து கிடப்பது. சுற்றி ஒரு சாண் திட்டு. உள்ளே மூன்று ஆள் ஆழம், நீலக் கருப்பில் நீர். விழுந்தது எதுவும் மேலிருந்து தெரியாது.

உடன் வந்த தெலு டீச்சரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, வாடகை பைக் ஒன்றை மறித்து ஏறினாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓட்டுகிறவனின் முதுகில் குத்திக்கொண்டே போனாள்.

குழிகளுக்கு நடுவே மூத்த சாயக்காரர் இலு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்தார். நீளக் கழியை எடுத்துக் கடைசிக் குழியில் விட்டுத் துழாவினார். இன்னும் இரண்டு பேர் அடுத்தடுத்த குழிகளில் கழிகளை இறக்கினார்கள். லாமி ஒவ்வொரு குழியாக ஓடினாள். மூன்றாவது குழியில் இலுவின் கழி எதிலோ சிக்கியது. இலு மெதுவாக இழுத்தார். சின்னதாக, நீலமாக, சொட்டச்சொட்ட ஒரு தலைத்துணி வந்தது. பள்ளிக்கூடத்துத் தலைத்துணி அளவுதான். லாமி அதைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். ஓரத்தில் வாடிக்கையாளரின் அடையாள முடிச்சு இருந்தது. நேற்றுச் சாயத்தில் போட்ட துணி.

"இங்க இல்லம்மா. எங்கியோ சுத்திக்கிட்டிருக்கும். பேர் என்ன, சொல்லு, நான் கூப்புடறேன்."

லாமி வாயைத் திறந்தாள், மூடினாள். தெரியாத ஆம்பளை பேர் சொல்லிக் கூப்பிட்டா போகக் கூடாது என்று வகுப்பில் தினமும் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இலு தொண்டை கிழியக் கத்தினாலும் சுவைபா வரமாட்டாள். இவள் குரலுக்குத்தான் வருவாள்.

"பாடம் சொல்லிக் குடுக்குற புள்ள பேரு கூடவா தெரியாது?" என்று ஓர் இளவட்டம் சிரித்தான். இலு அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"மூத்ததா?"

அவள் தலையசைத்தாள். இலு இளவட்டத்தின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். தானும் முதுகைக் காட்டி நின்றார். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாங்க யாரும் கேக்கல. கூப்புடு தாயி."

லாமி கூப்பிட்டாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. "சுவைபா!" ஏழு வருஷம் உள்ளேயே கிடந்த பெயர். வந்த பிறகு நிற்கவில்லை. உலரப்போட்ட துணிகளுக்கு இடையே, சாயத்துணியைப் பளபளப்பேறத் தட்டும் கொட்டகையைச் சுற்றி, சந்துக்குச் சந்து அழுதுகொண்டே கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். வீட்டுவாசல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஒரு பதிலும் வரவில்லை. தன் குரலுக்கே வரவில்லையென்றால் பிள்ளை எங்கேயும் இல்லை என்றுதானே பொருள். அவள் திரும்பிக் குழிகளைப் பார்த்தாள். இலு மறுபடி கழியைக் கையில் எடுத்திருந்தார்.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சுவைபா நடந்து வந்தாள். ஓடிவரவில்லை. ஒவ்வொரு துணியையும் விலக்கி அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லாமி பாய்ந்து அவளைப் பிடித்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள், முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள்.

"எங்கடி இருந்த? நான் கூப்புட்டது காதுல விழல?"

"விழுந்துச்சும்மா. துணி தட்டுறதப் பாத்துக்கிட்டு அங்கதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் வரல?"

சுவைபா புரியாமல் பார்த்தாள். "நீங்க என்னையக் கூப்புட மாட்டீங்களே. வேற சுவைபா காணாமப் போயிட்டான்னு நெனச்சேன். நீங்க அப்படி அழுதீங்களா, அதான் நானும் அந்தப் புள்ளையத் தேடினேன்." தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "கெடச்சுட்டாளாம்மா?"

அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்ல லாமி வாயெடுத்தாள். சுற்றி நின்றவர்கள் இப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வரவில்லை.

"கெடச்சுட்டா" என்றாள்.