நான் சொருகிய போட்டோ

போன வருடத்துக்கு முந்தின வருடம், பங்குனி மாதம். செய்யூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து அம்மன் கோயிலில், என் ஒரே மகளுக்கு ஒரு அமெரிக்கரைத் தாலி கட்ட வைத்தேன். கட்ட வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை, அவசரப்பட்டது நான்தான். அந்த அவசரத்துக்காக இன்றைக்கும் ஆபீஸ் ஆபீஸாக நடந்துகொண்டிருக்கிறோம்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற அளவுக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. மகள் டிகிரி முடித்துவிட்டு மாமல்லபுரத்தில் கடலோரமாக இருக்கிற ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்குப் போனாள். அங்கே நாலு நாள் தங்க வந்தவர்தான் மாப்பிள்ளை. ரோட்டோரத்தில் எறா வறுவலை ஒரு பிடி பிடித்து, வயிறு கெட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது என் மகள். நாலு நாள் என்று வந்தவர் மூன்று வாரம் கழித்துத்தான் போனார். பேதியில் ஆரம்பித்த காதல் என்று என் மனைவி இன்றுவரை கிண்டல் செய்வாள். அவர் ஊரில் அவர் எலக்ட்ரீஷியன். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மீட்டர் பெட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் வயர் வாங்கிவந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இரண்டு வருடம் முரண்டு பிடித்துவிட்டு நான் சம்மதம் சொன்னேன். சம்மதம் சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை அங்கே அழைத்துப் போக இரண்டு வழி உண்டு என்று மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து விளக்கினாள். ஒன்று, இங்கேயே கல்யாணம் செய்து பதிவு பண்ணி, மனைவி என்று விசா கேட்பது. இன்னொன்று, நிச்சயம் ஆன பெண் என்று விசா வாங்கி, அங்கே போய் மூன்று மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொள்வது. இரண்டாவது சீக்கிரம் ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் மனுப் போட்டார்கள். நமக்குப் புரிந்தது, பரிசம் போட்ட பெண்ணை அனுப்புகிற மாதிரி ஏதோ ஒன்று என்பதுதான்.

மனு போய் ஏழெட்டு மாதம் பதில் இல்லை. பங்குனியில் அவர் லீவு போட்டு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். ஒரு நாள் டீக்கடையில் பங்காளி ஒருத்தர், உறவில் எனக்கு அண்ணன் முறை, நாலு பேர் முன்னால் கேட்டார்.

"இன்னாப்பா, வெள்ளக்காரன் வந்து வந்து வூட்ல தங்கினு போறான். நாளைக்கு வராமப் பூட்டான்னா, பொண்ணை இன்னா பண்ணுவே?"

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து, அவர் ஊருக்குப் போவதற்கு முன்னால் தாலி கட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மகள் பதறினாள்.

"அது ஆவாதுப்பா. இன்னும் கல்யாணம் ஆவலன்னு எழுதிக் குடுத்துக்கீறோம்."

"அது பேப்பர்ல. ரிஜிஸ்டர் பண்ணாத்தான அவுங்களுக்குக் கல்யாணம்? இது நம்ம ஊருக்கு. எனக்கு மூஞ்சி வேணாமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து மாப்பிள்ளையிடம் சொல்லப் போனாள். மாப்பிள்ளைக்கு என்ன புரிந்ததோ, வேட்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றார். முதல் முடிச்சு அவர் போட்டார், மற்ற இரண்டை நாத்தனார் இடத்தில் நின்று என் தங்கை போட்டாள். மாப்பிள்ளை தன் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, உறுதியாக இருக்கிறதா என்று சைகையில் என்னைக் கேட்டார். எலக்ட்ரீஷியன் புத்தி. அந்த நேரத்தில் எடுத்த போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினேன். டீக்கடைக்கும் தலை நிமிர்ந்து போனேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மும்பைக்குப் போகவேண்டும். மகள் ஒரு தடிமனான ஃபைல் தயார் செய்தாள். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, இருவரும் பேசியதற்கு ஆதாரம், சேர்ந்து எடுத்த படங்கள். கடற்கரையில் ஒன்று, விமான நிலையத்தில் ஒன்று, என் மனைவி மாப்பிள்ளைக்குச் சோறு போடுவது ஒன்று. புரட்டிப் பார்த்தேன். தாலி கட்டின படம் இல்லை. கேட்டதற்கு, "அது வேணாம்பா, அது வேற விசாவுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நம்ம பழக்கத்தை வெள்ளைக்காரன் முன்னால் காட்ட வெட்கப்படுகிறாள் என்று நினைத்துவிட்டேன். சோறு போடுவதெல்லாம் ஒரு சாட்சியா? தாலியைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் உண்டா? கிளம்புகிற அன்று அவள் குளிக்கப் போன நேரத்தில், அந்தப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றை எடுத்து, பின்பக்கம் பேனாவால் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, ஃபைலின் கடைசி உறைக்குள் சொருகிவிட்டேன். நல்ல காரியம் செய்தவன் மாதிரி ரயில் ஏறினேன்.

ஒரு நாள் முழுக்க ரயில். லாட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்து வாசலில் அவளை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நின்றேன். கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். வெயில் ஏற ஏற ஜனங்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வெளியே வருகிற ஒவ்வொரு முகத்திலும் கிடைத்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மணி நேரம் கழித்து அவள் வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. டீ குடிக்கலாம் என்றாள்.

டீக்கடையில் நின்றுகொண்டுதான் சொன்னாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நன்றாகத்தான் பேசியிருக்கிறார். படங்களைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் படத்தில் நின்றிருக்கிறார். திருப்பிப் பின்பக்கம் பார்த்திருக்கிறார். அப்புறம் இவள் கழுத்தைப் பார்த்து, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்.

"நீ இன்னா சொன்னே?"

"ஆயிடுச்சின்னு சொல்லிட்டேன்."

இது கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கான விசா, உங்கள் வழக்கப்படி உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆகவே தரமுடியாது, மனைவி என்று முதலிலிருந்து மனுப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீ பொய் சொல்லியிருந்து பிறகு தெரியவந்திருந்தால் கதவே திறந்திருக்காது என்றும் அந்த அம்மா சொன்னாராம். தாலி கட்டினால்தான் கல்யாணம் என்று ஊரில் நான் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன். என் பேச்சை முழுசாக ஒத்துக்கொண்டது அந்த ஜன்னல் ஒன்றுதான்.

நான்தான் அந்தப் படத்தை வைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவள் தானே மறந்து வைத்துவிட்டதாக நினைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பெற்ற மகளிடம் வெட்கப்படுவது எப்படி இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மறுபடி முதலிலிருந்து. அவர் வேறு நாடு, வேறு மதம் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் பதிவு செய்யமுடியும் என்றார்கள். செங்கல்பட்டில் பதிவு ஆபீஸுக்குப் போய் விசாரித்தோம். ஃபைலைப் பார்த்த கிளார்க், மாப்பிள்ளை திருமணம் ஆகாதவர் என்று அவர் நாட்டில் எழுதி வாங்கி வரச் சொன்னார். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது சார் என்றேன்.

"கோயில்ல கட்னதுல்லாம் இங்க கணக்குல வராது அண்ணாத்த. ரெண்டு பேரும் இப்போ கல்யாணம் ஆவாதவங்க."

மும்பையில் கல்யாணம் ஆனவள், செங்கல்பட்டில் ஆகாதவள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகள் சிரிக்கவில்லை, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டாள். அவள் பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்ததைத் திருத்தவே இரண்டு மாதம் போயிற்று. நான் லீவு கேட்டுக் கேட்டு, கம்பெனி சூப்பர்வைசர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வேறு பக்கம் திரும்ப ஆரம்பித்தார். மாப்பிள்ளை அங்கே வேலையை விட்டுவிட்டு நாற்பது நாள் தங்குகிற மாதிரி வந்தார். பதிவு ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருக்கவேண்டும். ஆட்சேபம் சொல்ல யாரும் வரவில்லை. டீக்கடையில் கேட்ட அந்த அண்ணன்கூட இதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டு, தன் பேரனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

முப்பது நாள் முடிந்து கையெழுத்துப் போடுகிற நாள். ஏதோ ஒரு தாளுக்கு ஜெராக்ஸ் இல்லை என்று மாப்பிள்ளை ஓடினார். மனைவியும் என் தங்கையும் உள்ளே பெஞ்சில் இருந்தார்கள். நானும் மகளும் ஆபீஸ் வாசலில் ஒரு பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றோம். அவள் இளைத்துப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதற்குமேல் என்னால் அடக்கிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மும்பையில அந்தப் போட்டோ... நான்தாம்மா வெச்சேன்."

"தெரியும்பா" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். லாட்ஜில் படுக்கப்போகிற முன்னால் ஃபைலை ஒரு தடவை சரிபார்த்திருக்கிறாள். அப்போதே பார்த்துவிட்டாளாம்.

"அப்பவே எடுத்து வெச்சிருக்கலாமே?"

"எடுத்துடலாம்னுதான் உருவினேன். பின்னாடி திருப்பினா, 'மை டாட்டர் மேரேஜ்'னு இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டி எழுதி வெச்சிருந்தே. கோயில் பேரு, ஊரு பேரு எல்லாம். மேரேஜ்ல ஒரு எழுத்து விட்டுகீது. அதைப் பாத்துட்டு, காலையில போயி கல்யாணம் ஆவலன்னு எப்படிப்பா சொல்றது? சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. சலிப்பு இருந்தது. நீ ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, கேட்டிருந்தால் நீ இன்னும் உடைந்துபோயிருப்பாய் என்றாள். அதற்குள் மாப்பிள்ளை ஜெராக்ஸோடு வேர்க்க விறுவிறுக்க வந்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், சாட்சி என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் திரும்பிப் போய் மனைவி என்று மனுப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. இன்னும் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. மகள் இப்போதும் அதே ஓட்டலில் வருகிறவர் போகிறவருக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். போகிற வழியில் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் என் பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டினால், ஏதாவது நல்ல சேதியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒன்றும் இருக்காது.

போன வாரம் அவள் புது ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த விசாவுக்குக் கல்யாணப் படம் கட்டாயம் வேண்டுமாம். முதல் உறையிலேயே அந்தப் பழைய பிரதியை வைத்திருந்தாள். புதுப் படம் ஒன்று போட்டுத் தரட்டுமா, இல்லை அந்த எழுத்தையாவது திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்பா, அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஊர் கேட்டதற்குப் பதில் சொல்ல அத்தனை அவசரப்பட்டவன், என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த உறையைத் திறந்திருக்கலாமே என்கிற நினைப்பு, தினமும் அவள் வேலை செய்கிற ஓட்டலைத் தாண்டி பஸ்ஸை ஓட்டிப்போகும்போதெல்லாம் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது.