மாலையைக் கழற்றிய சாயங்காலம்

விரதம் முடிந்துவிட்டது, மாலையைக் கழற்று என்று ஒருவனிடம் சொல்வது குற்றமாகுமா? முறைப்படி பார்த்தால் ஆகாது. மலைக்குப் போய் வந்தவன் கழற்றத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொன்ன வாய் என்னுடையது. கேட்டுக் கழற்றியவன் இன்று உயிரோடு இல்லை. ஐயப்பனை நம்பி விரதம் இருக்கும் உங்கள் முன்னால் இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைத்தேன். இப்போதுதான் தைரியம் வந்தது.

நான் சமூகப் பணியில் முதுகலை படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர். குடியின் கேடுகளைப் பற்றித் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலைகளில் ஒன்று. வகுப்பு எடுத்த நாட்களிலும் நான் குடித்தேன்.

வேலு அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டினான். முத்தாபுதுப்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. ஒன்றாகப் பள்ளிக்குப் போனோம், ஒன்றாகக் குடிக்கத் தொடங்கினோம். நான் மேலே படித்தேன், அவன் பத்தாவதோடு நிறுத்தினான். அதனால் பள்ளிக்கூடப் படிவமானாலும் வங்கிப் படிவமானாலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டான். என் பேச்சின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை நான் எடை போட்டுப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு வருடமும் கார்த்திகை முதல் நாள் இருவரும் மாலை போடுவோம். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு கிடையாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. விரதத்தைச் சரியாக முடித்தவனுக்கு அது ஒரு பரிசு போல.

அந்த வருடம் மட்டும் வேறாக இருந்தது. ஆடி மாதத்திலேயே மருத்துவர் வேலுவிடம் ஈரல் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தார். இனி குடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றும் சொல்லிவிட்டார். அவன் விட முயன்று தோற்று, தோற்று, கார்த்திகைக்காகக் காத்திருந்தான். மாலை கழுத்தில் விழுந்ததும் குடியை நிறுத்தினான். முகம் தெளிந்தது. மார்கழி இருபதாம் தேதி வாக்கில் மலைக்குப் போய்த் திரும்பினோம். எங்கள் குருசாமி துணி இஸ்திரி போடுகிறவர். அவர் வீட்டு வாசலில் ஒவ்வொருவர் மாலையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலு என்னைக் குழாயடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. இத்த இன்னும் கொஞ்ச நாள் கயுத்துலயே வெச்சிக்கினா தப்பா?"

"ஏன்?"

"இது கீற வரிக்கும் கட பக்கம் கால் போவல. அவுத்துட்டா இன்னா ஆவேன்னு எனக்கே தெர்ல."

நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இருக்கிறது. "விரதம் முடிஞ்சிடுச்சு வேலு. முடிஞ்ச பிறகும் போட்டிருந்தா முறை இல்ல. நாளைக்கு வீட்ல கறி எடுப்பாங்க. மாலைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். போய்க் குருசாமியின் முன்னால் கழுத்தைத் தாழ்த்திக் குனிந்தான்.

மாலை போனதும் சாமி என்ற அழைப்பும் போய்விடுகிறது. "வா மச்சான்" என்று அன்று சாயங்காலம் கூப்பிட்டது நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முறைக்காகவோ மாலையின் மரியாதைக்காகவோ நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு அன்று குடிக்க வேண்டியிருந்தது. மாலை போட்ட வேலுவைத் தெருவில் வைத்துக்கொண்டு நான் மட்டும் போக வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்குச் சாஸ்திரத்தை உடுத்திவிட்டேன்.

பங்குனியில் ரத்த வாந்தி எடுத்தான். அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தான். ஏழாம் நாள் அவன் பாடைக்கு நானும் ஒரு தோள் கொடுத்தேன். அவன் மனைவி கலா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. குழாயடியில் நடந்த பேச்சு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் ஆறுதல் அடைந்தேன். எவ்வளவு கேவலமான ஆறுதல்.

அதன்பிறகு வேலு என்னை விட்டுப் போகவில்லை. முகமாக வரவில்லை. குனிந்த கழுத்தாக வந்தான். முடிதிருத்தும் நாற்காலியில் யாராவது குனிந்திருந்தால் அது அவன் கழுத்து. மின்சார ரயிலில் உட்கார்ந்து போன் பார்க்கிற வரிசையில் நான்காவது ஆள், அவன். வகுப்பில் பேசும்போது ஒரு தொழிலாளி தலை குனிந்து குறிப்பு எடுத்தார். வகுப்பைப் பாதியில் நிறுத்தினேன்.

குடியை விட்டேன். இருபது நாளில் மறுபடி குடித்தேன். மறுபடி விட்டேன். மருத்துவரிடம் போனேன். தினமும் குடிப்பவர் யாரையும் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து என்று கண்டித்து, மாத்திரை கொடுத்தார். கை நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது. ஆனால் வேலை முடிகிற ஐந்தரை மணிக்கு மாத்திரை என்னோடு தெருவில் நடந்து வரவில்லை. ஆவணியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை வழுக்கினேன்.

கார்த்திகை வந்தபோது மாலை போடவே பயந்தேன். போட்டால் கழற்ற வேண்டுமே. முதல் நாள் விடியற்காலை, குளித்த ஈரத்தோடு சன்னதியில் நின்று ஒரே ஒரு பிரார்த்தனை செய்தேன். "ஐயப்பா, நாற்பத்தெட்டு நாளும் நீ என்னைப் பார்த்துக்கொள்கிறாய். நாற்பத்தொன்பதாம் நாளுக்கு எனக்கு ஒரு வழி காட்டு. இல்லையென்றால் நானும் அவன் போன இடத்துக்குத்தான் போவேன்."

தினமும் இதையே சொன்னேன். ஒரு பதிலும் வரவில்லை. மலையில், பதினெட்டாம் படி ஏறும்போது, எனக்கு முன்னால் போனவர் குனிந்து படியைத் தொட்டார். அங்கேயும் அந்தக் கழுத்து.

மலையிலிருந்து திரும்பியதும் குருசாமி என் மாலையைக் கழற்றிய நாள் காலை, கழுத்து லேசாக இருந்தது. அந்த லேசு என்னைப் பயமுறுத்தியது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டேன். பைக் சாவியை எடுத்தேன். பால் வாங்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டில் பால் இருந்தது.

வாசலில் கலா நின்றாள். அவளுக்குப் பின்னால் வேலுவின் தம்பி ரமேஷ். ஆவடியில் வெல்டர். அவனும் வேறொரு குழுவோடு மலைக்குப் போய் வந்து அன்றுதான் மாலை கழற்றியிருந்தான். தலை வாரி, சென்ட் அடித்து, புறப்பட்ட கோலத்தில் இருந்தான்.

"அண்ணா, இவனும் இன்னிக்கிக் கயட்டிட்டான். கூட்டாளிங்க முனையில நிக்கிறானுங்க" என்றாள்.

"நான் இன்னா எல்கேஜியா அண்ணி, கையப் புட்சி இட்டாந்து உடறதுக்கு?" என்றான் ரமேஷ்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி அவரு கயட்ட மாட்டேன்னாரு. நீங்கதான் கயட்டச் சொன்னீங்க. ஊட்டுக்கு வந்ததும் எங்கிட்ட சொன்னாரு. படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னாரு."

நான் வாசற்படியை விட்டு இறங்கினேன்.

"எனக்கு ஒரு வருசமாத் தெரியும். சண்டைக்கு வர்ல. இவன இன்னிக்கி ஒரு சாயங்காலம் பாத்துக்கோங்க." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ரமேஷ் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ரமேஷ், நானும் அங்கதான் கிளம்பிட்டு இருந்தேன்" என்றேன்.

அவன் ஒரு நொடி விழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "சூப்பர்ணா. நல்ல ஆளாண்டதான் உட்டுட்டுப் போச்சு அண்ணி."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவனை நடத்திக்கொண்டு குருசாமி வீட்டுக்குப் போனேன். நாற்பத்தெட்டு நாளும் ஆறரை மணிக்குப் பூஜையில் உட்கார்ந்த இடம் அது. கால் தானாகப் போனது.

அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சாமி, பூஜதான் முடிஞ்சிச்சே?"

"இன்னிக்கும் பண்ணுங்க சாமி. பண்ணலன்னா நாங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிடுவோம்."

குழாயடிப் பேச்சையும் அப்போதே சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, போட்டுக்கினு இருடான்னு சொல்லிருப்பேனே சாமி. அப்டி எத்தினி பேர உட்டுக்கீறேன்" என்றார். அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு இன்றுவரை வாழ்கிறேன்.

பிறகு கை கழுவி வந்து விளக்கு ஏற்றினார். "மால இல்லாம கூப்ட்டா வருவாரா?" என்று ரமேஷ் கேட்டான். "வர்றதும் வராததும் அவரு பாடு. நீ கூப்புடு" என்றார். மூன்று பேர், தாளம் கூடச் சேராமல், சரணம் சொன்னோம். நான் போனில் சொன்னதும் என் மனைவி உப்புமா செய்து எடுத்து வந்தாள். சாப்பிட்டு முடித்தபோது மணி எட்டு. ரமேஷின் போன் அடங்கியிருந்தது. எனக்குள் இருந்த வெறியும் அடங்கியிருந்தது.

வீடு திரும்பும்போதுதான் உணர்ந்தேன். நான் கேட்ட நாற்பத்தொன்பதாம் நாளுக்கான வழி, இந்த உலகத்தில் நான் யாருக்கு மிகவும் பயந்தேனோ அவள் உருவில் என் வாசலுக்கு நடந்து வந்திருந்தது. நான் ஒரு துணை கேட்டேன். என்னைவிடத் தள்ளாடுகிற ஒருவனை ஐயப்பன் என் பொறுப்பில் விட்டான்.

படித்த புத்தி பிறகுதான் வேலை செய்தது. விரத நாட்களில் எங்களை நிறுத்தியது எங்கள் மன உறுதி இல்லை. ஊரே சாமி என்று கூப்பிட்டது. யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை. கடை கூப்பிடும் நேரத்தில் உட்கார ஓர் இடமும், பசிக்கு ஒரு பிடி சுண்டலும், வரவில்லையென்றால் கேட்க நாலு பேரும் இருந்தார்கள். மாலை கழற்றிய அன்றே இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஆகவே மறுநாளும் கூடினோம். அதற்கு மறுநாளும். மாசியில் ரமேஷ் ஒருமுறை குடித்துவிட்டான். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் போய்க் கூட்டி வந்தேன். "இன்னுமா என்னிய சாமின்ற?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மருத்துவரிடமும் அழைத்துப் போனேன். பிரார்த்தனை இருக்கிறது, மருந்து வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

கலா என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலுவும் இன்னும் வருகிறான். போ என்று நான் சொல்வதில்லை. அவன் வருகிற நாட்களில் இன்னும் கவனமாகப் பேசுகிறேன்.

மாலையைக் கழற்றப் பயந்துகொண்டு இதைப் படிக்கிற சாமி யாராவது இருந்தால், அந்தப் பயத்தை மறைக்காதீர்கள். அதை அப்படியே ஐயப்பனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்பவர் நீங்கள் விரும்பாத ஆளாக இருந்தாலும் கதவைத் திறங்கள்.

நான் குடித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது குருசாமி வீட்டில் வருடம் முழுவதும் ஆறரை மணிக்கு விளக்கு எரிகிறது. நாங்கள் ஒன்பது பேர் கூடுகிறோம். ஒருவர் வரவில்லையென்றால், ஏழு மணிக்குள் இருவர் அவர் வீட்டுக்குப் போகிறோம்.