அவன் சர்வ் போடும்போது அசையக்கூடாது

கம்பெனி பஸ் ஒரகடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. என் செல்போனுக்குள் டென்னிஸ் பந்து டொக்கென்று மட்டையில் பட்டது. இந்த சீசன் முழுக்க முதல் சுற்றிலேயே தோற்று என் உயிரை வாங்கிய ஆட்டக்காரன், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துவிடுவான்.

அந்த டொக் கேட்டாலே எனக்குக் கால் மரத்துப்போகும். காரணம் அம்மா. சின்ன வயதில், வடக்குப்பட்டு வீட்டு டிவியில் டென்னிஸ் ஓடும்போது, அவளுக்குப் பிடித்தவன் ஜெயித்துக்கொண்டிருந்தால் யாரும் இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. அடுப்பில் பருப்பு தீய்ந்து வீடெல்லாம் நாறும். போய் அணைக்க விடமாட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, ஒரு ஷூவை மட்டும் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார்.

"பசிக்குதுடி."

"அங்கியே நில்லுய்யா. ஜெயிச்சிகினு கீறான்."

அப்படியும் தோற்றுத் தொலைப்பான். திட்டு எனக்கு விழும். எங்கோ வெளிநாட்டில் ஒருத்தன் பந்தை வலையில் அடித்ததற்கு, இங்கே நான் காலை நீட்டியதா காரணம்? இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடிக்கவே கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பஸ் நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த திருநெல்வேலிக்காரி செல்வி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருடி! சர்வ் போடப் போறான்!"

"கம்பெனி வந்துட்டுல்லாக்கா!"

முதல் சர்வ் வலையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்து, புள்ளி எதிராளிக்குப் போனது. உடனே போன் அடித்தது. வீட்டிலிருந்து அம்மா.

"பஸ்ல எவடி எழுந்தது?"