பதினேழு கார்டு சோலைமலை

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சோலைமலை அண்ணன் என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். கால் முறிந்த பிறகு மலை ஏற முடியாமல் காவல் வேலை பார்க்கிறவர். சம்பளம் வங்கியில் விழுந்த மறுநாள், தன் லயத்து வரிசையில் உள்ள பதினேழு வீட்டு வங்கிக் கார்டுகளையும் ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறுவார். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பணம் எடுக்கும் மெசின் முன்னால் வரிசையில் நிற்க முடியுமா என்ன? அவரே எல்லாருக்கும் பணம் எடுத்துப் போய், வீடு வீடாகக் கொடுப்பார். பஸ் காசுக்கு மேல் ஒரு சதம் வாங்கமாட்டார்.

நான் ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் விதிமுறைக் கண்காணிப்பு அதிகாரி. பதவியின் பெயர்தான் பெரிது. வேலை, கொழும்புத் தலைமையகம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. போன வருஷம் கேள்வி கேட்பதையும் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது டீ குடிக்கக்கூட எழும்பாது.

நாலு மாதம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஐந்தாம் மாதம் அது சோலைமலை அண்ணனைப் பிடித்துக்கொண்டது. ஒரே மெசின், இருபது நிமிஷம், பதினேழு கணக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர். யாரோ ஒருவன் அடுத்தவர் கணக்குகளைக் கையில் போட்டுக்கொண்டு கள்ளப் பணம் சுழற்றுகிறான் என்று சிவப்பில் எழுதி, பதினேழு கார்டுகளையும் முடக்கிவிட்டது. மூன்று நாளில் நான் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் விஷயம் கொழும்புக்கும், அங்கிருந்து பொலிசுக்கும் போகும்.

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

“லயத்துல என்னய ஒரு மாதிரியா பாக்குறாங்க மிஸ். நாகலெட்சுமி வாய தொறந்தே கேட்டுருச்சு, ‘எங்க கார்டுல என்னாண்ணே செஞ்சீங்க’ன்னு.”

பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டுக் கணக்குத் திறந்தோம். அன்றைக்கு அந்த லயத்தில் போன் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். போன் நம்பர் இல்லாமல் படிவம் ஏற்கமாட்டார்கள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மகராசி, இவருடைய நம்பரையே பதினேழிலும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அந்த மகராசி நான்தான்.

‘தெரியாது, மேல் விசாரணை தேவை’ என்று ஒரு வரி எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். பொய் சொல்வானேன், அந்த யோசனையும் வந்தது. சீ, வெட்கமில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் தோட்டத்துக்குப் போனேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, சம்பளம் எப்போதாவது குறைந்து வந்ததா என்று கேட்டேன். ஒருவருக்கும் குறைந்ததில்லை. நாகலெட்சுமி பதில் சொல்லும்போதே அழுதுவிட்டார்; கேட்டிருக்கவே கூடாது என்றார். நான் வங்கிக்குத் திரும்பி, அந்த நம்பரை எழுதியது நான், தவறு என்னுடையது என்று பதில் அனுப்பினேன். சாயந்தரம் சிவப்பு பச்சையானது, கார்டுகளும் விடுபட்டன. அப்பாடா! மறுவாரம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரட்டும்.

ஆனால் இனி ஒருவர் கார்டை இன்னொருவர் கொண்டுவரக் கூடாது. சம்பள நாளில் வங்கி வண்டியே தோட்டத்துக்குப் போகும் என்று முடிவானது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷ நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்து நொந்துபோவாரே என்று தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். சொல்லி முடித்தேன். அன்று உட்கார மறுத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷமா பஸ்ஸுல பையில கைய வச்சிக்கிட்டேதான் போவேன் மிஸ். ஒரு தடவகூட கண்ண மூடுனதில்ல. போதும்னு சொல்ல எனக்கு வாய் வரல. நம்பிக் குடுத்த சனத்துக்கிட்ட எப்புடி சொல்றது? நல்ல வேள, ஒங்க கம்ப்யூட்டர் மெசினே சொல்லிருச்சு.”

அவர் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நோர்வூட் பஸ்ஸில் ஓரச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பும் முன்பே தூங்கிப்போனார், இரண்டு கையும் மடியில் கிடந்தன.