கவிழ்த்துப் பார்க்கிற கோதண்டபாணி

கோதண்டபாணி கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். விருத்தாசலத்தில் முப்பது வருஷமாகப் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிறவர். அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கிண்ணத்தையும் அப்படித்தான் கவிழ்த்தார். "நம்மூரு சரக்குங்க!" என்றார் பெருமையாக. அதிலிருந்த பாயசம் சம்பந்தியாக வேண்டியவர் மடியில் வழிந்துகொண்டிருந்தது.

போன மாதம் சேத்தியாத்தோப்பில் பழைய சாமி படம் ஒன்று வாங்கினார். கவிழ்த்தார். பின்பக்கம் அட்டைக்குப் பதிலாக ஒரு பழுப்புக் காகிதம். அதில் கரிக்கோட்டில் ஒரு தெரு. பல்லக்கு, மோர்க்காரி, நாய். மனுஷன் துள்ளிக் குதித்துவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னைப்பட்டணத் தெரு ஓவியம் ஒன்று அவர் வீட்டுக் காலண்டரில் தொங்குகிறது. அதே பல்லக்கு, அதே மோர்க்காரி!

"இது அந்தப் படத்துக்கு முன்னாடி போட்டுப் பாத்த கோடு" என்றார்.

"யாராச்சும் அதப் பாத்துப் போட்டிருப்பாங்க. பாயசத்துக்கு அப்பறம் இது வேறயா?" என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

ரோஷம் வந்து, ஓவியம் இருக்கிற அருங்காட்சியகத்துக்கே கடிதம் போட்டார். அங்கிருந்து கோதை என்கிற பெண் வந்தாள். இத்தனை வருஷம் கவிழ்த்ததில் இது ஒன்றாவது நிஜமாக இருக்கவேண்டுமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. அவர் கையில் ஸ்கேல்.

"பாருங்கம்மா, கோடு பெருசு, படம் சிறுசு. எட்டுல ஒரு பங்கு கொறஞ்சிருக்குது. நம்ம பொம்மை சூளையில வெந்தா சுருங்குமில்ல, அது மாதிரி?"

"ஓவியத்த யாருங்க சூளையில வைப்பாங்க? நீங்க அளந்தது காலண்டரை."

சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோதை பையை எடுத்தாள்.

"இந்தக் காகிதத்துல நாய்க்கு மூணு வாலு இருக்குதே, அதயாச்சும் பாத்தீங்களா?" என்றார் கோதண்டபாணி, அழாத குறையாக. "ஒண்ணு தூக்கினது, ஒண்ணு தொங்குனது, ஒண்ணு சுருட்டுனது. காலண்டர்ல சுருட்டுனது மட்டும்தான். பாத்துப் போடுறவன் ஒரு வாலுதான் போடுவான். மூணு போட்டவன் எது நல்லாருக்கும்னு யோசிச்சவன். புதுப் பொம்மைன்னா நானும் இப்படித்தான் தடுமாறுவேன்."

கோதை மறுபடி உட்கார்ந்தாள். போனில் அசல் ஓவியத்தைப் பெரிதாக்கினாள். சுருட்டிய வாலுக்கு மேலே, வண்ணத்துக்கு அடியில், தூக்கிய வால் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"சார், நீங்க சொன்னதுதான் சரிங்க" என்றாள். சொர்ணாம்பாள் முந்தானையை விட்டுவிட்டாள்.

கோதை ஒரு படிவத்தை நீட்டினாள். "கண்டுபிடிச்சவர் பேருன்னு இருக்கே, அந்தக் கட்டத்துல எழுதுங்க."

கோதண்டபாணி படிவத்தைக் கவிழ்த்தார். கண் எழுதுகிற தூரிகையை எடுத்து, பின்பக்கத்து அடி ஓரத்தில், பொடி எழுத்தில் தம் பெயரை எழுதினார்.