ஓடிப்போனவர்களைத் தேடிய மனிதர்

லேபர் ஆபீஸ் ராமலிங்கம் தைப்பிங்கில் காலமாகிவிட்டார் என்று, ஈப்போவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வந்த ஒருவர் போன வெள்ளிக்கிழமை சொன்னார். "நேர்ல பாத்தீங்களா? ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று அவரைக் குடைந்தேன். மனிதர் முகம் சுளித்தார். என்ன செய்வது? அந்தச் சந்தேகப் புத்தியை எனக்கு ஒட்டவைத்தவரே ராமலிங்கம்தான்.

அவர் சிடுமூஞ்சி என்பதை அவரோடு பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாகப் போய், கப்பலில் வந்த கூலிகள் எத்தனை பேர், ஊர் திரும்பியவர் யார், செத்தவர் யார், ஓடிப்போனவர் யார் என்று சரிபார்ப்பது அவர் உத்தியோகம். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எந்தத் தோட்டத்துக்கு ஆள் விடுவது, எங்கே டாக்டரை வைப்பது என்று அரசாங்கம் முடிவு செய்யும். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வந்தார். என் பிழைப்புக்கு உலை வைக்க வந்தவர் என்றே நினைத்துக் காப்பி நீட்டினேன்.

"வேணாம் கிராணியாரே. ஒங்க காப்பியக் குடிச்சா அப்புறம் ஒங்க கணக்கும் இனிக்கும்."

கணக்கில் பொய் இருந்தது. சாவு கூடினால் ஆள் வருவது நின்றுவிடும் என்று பயந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, காய்ச்சலில் செத்த சிலரை 'ஓடிப்போனார்' என்று எழுதச் சொல்லியிருந்தார். எழுதியவன் நான். வேலை போய்விடுமே என்ற பயம்தான். வேறு சாக்குச் சொல்ல மாட்டேன்.

ராமலிங்கம் என் புத்தகத்தைத் தொடவே இல்லை. நான் அனுப்பியிருந்த பட்டியலோடு நேரே கூலிகள் குடியிருந்த லயத்துக்கு நடந்து, அதில் 'ஓடிப்போனார்' என்றிருந்த முத்தனின் அறை எது என்று கேட்டார். உள்ளே அவன் கம்பளியும் சோற்றுச் சட்டியும் கிடந்தன. காய்ச்சலில் போனவன் பொருள் என்று யாரும் தொடவில்லை. ஓடுகிற கூலி எதை விட்டாலும் அந்த இரண்டையும் விடமாட்டான். இது லயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

"சட்டிய விட்டுட்டா ஓடுனான்?" என்றார்.

பக்கத்து அறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "செத்துட்டான், ஐயா" என்றேன்.

அவர் உள்ளதை உள்ளபடி மேலே எழுதினார். அந்த மாதமே என் வேலை போயிற்று. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் அதோடும் விடவில்லை. சேலம் பக்கத்திலிருந்த முத்தனின் மனைவிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "ஓடிட்டான்னு எழுதுன கைதானே? செத்துட்டான்னும் அதே கை எழுதட்டும்."

எழுதினேன். அவர் ஆபீசுக்குப் பதில் வந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். யாரையோ வைத்து அவள் எழுதுவித்த சில வரிகள். முன்பு அவள் விசாரித்தபோது, என் கணக்கைப் பார்த்துத்தான் 'ஓடிவிட்டான்' என்று பதில் போயிருக்கிறது. வேறொருத்தியோடு போய்விட்டான் என்று நம்பி, தினமும் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். "செத்த மனுசனுக்கு நான் விட்ட சாபத்த இனி எங்க போயித் திருப்பி வாங்குறது?" என்று கேட்டிருந்தாள்.

 ராமலிங்கம் அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இது ஆபீஸ் பைலுக்கு வேணாம். ஒங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் கொடுத்ததென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.