பாடி அல்ல, ஆள்

போன மாதம் ஒரு வக்கீல் குமாஸ்தா என் வீட்டு ஹாலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் மாடியில் குடியிருக்கும் மாலினி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மறுநாள் காலை மனு கோர்ட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய கணவரை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். மாலினி இலங்கைத் தமிழர். போர்க்காலத்தில் படகில் வந்து அகதியாகப் பதிந்துகொண்டவர். கணவர் பிற்பாடு அங்கிருந்தே விசா எடுத்து முறையாக வந்தவர். விசா முடிந்தது... மனிதர் திரும்பவில்லை. இங்கேயே கல்யாணம், கள்ளிக்குப்பத்தில் என் மாடி போர்ஷன், அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. ஒருநாள் போலீஸ் வந்து, விசா முடிந்தும் தங்கியதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வீட்டு ஓனர் என்று என்னையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒன்றாக இருந்த என் பி.பி. மாத்திரை அன்றிலிருந்து இரண்டு.

ஜாமீன் கிடைத்தது. ஜெயிலை விட்டு வெளியே கால் வைத்தவரை, வாசலிலேயே வேறு வண்டியில் ஏற்றி, வெளிநாட்டவரை வைத்திருக்கும் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது, உன்னைத் திருப்பி அனுப்பப் போகிறோம் என்று நோட்டீஸ்.

மாலினியும் பின்னாலேயே போகலாமே? நானும் கேட்டேன். அவரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஒருமுறை வெளியே அனுப்பப்பட்டவருக்கு மறுபடி விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆக, மிச்சம் இருந்த வழி ஒன்றுதான் — ஹேபியஸ் கார்பஸ்.

மனுவோடு போகும் அஃபிடவிட் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒருவர் தமிழில் கையெழுத்துப் போட்டால், உள்ளே இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். முறை அப்படி. குமாஸ்தாவும் என் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பி, முறையாகப் படித்துச் சொன்னார். வில்லிவாக்கத்துக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"யக்கா, மேட்டர் இன்னான்னா... பாடிய கோர்ட்ல கொண்டாந்து காட்டுன்னு கேக்கறோம். பாடி யார் கைல கீதுன்னு அவங்க சொல்லணும். ஜட்ஜு பாடிய பாத்துகினு ஆர்டர் போடுவாரு."

பத்து நிமிடத்தில் பதினொரு பாடி. எண்ணுவது என் வியாதி, என்ன செய்ய?

எங்கள் பக்கத்தில் பாடி என்றால் முதலில் ஞாபகம் வருவது பாடி என்கிற ஊரும் அதன் மேம்பாலமும். மாலினியும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பாடிக்கா கொண்டுவந்துவிட்டார்கள், இங்கேயிருந்து ஒரே பஸ்ஸாயிற்றே என்று முகம் மலரக் கேட்டார். குமாஸ்தா சிரித்துவிட்டு, ஊர் இல்லக்கா, பாடின்னா உடம்பு என்று விளக்கினார்.

விளக்காமலே இருந்திருக்கலாம்.

பேனா மேஜைமேல் வந்துவிட்டது. மாலினி சத்தம் போடவில்லை.

"அம்மா இப்பிடித்தான் ஐயா, அண்ணாவின்ர பொடிக்குக் கையெழுத்து வச்சவ. ஒரு பெட்டியைக் குடுத்தாங்கள். திறக்க விடேல்ல. நான் வைக்க மாட்டன்."

அவர் ஊரில் பொடி என்றாலும் எங்கள் ஊரில் பாடி என்றாலும் பிணம்தான். ஆஸ்பத்திரி வாசலில் பாடி வந்துவிட்டதா என்று கேட்டால் யாராவது உயிருள்ள மனிதரைத் தேடுகிறோமா? கோர்ட்டுக்குள் மட்டும் பாடி நடக்கும், சாப்பிடும், வாய்தாவுக்கு வரும். குமாஸ்தாவுக்கு அது பழகிப்போய்விட்டது. "நான் இன்னா சார் தப்பா சொல்ட்டேன்?" என்று என்னைக் கேட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை... அதுதான் சங்கடம்.

பேப்பரில் இதற்கு ஆட்கொணர்வு மனு என்று எழுதுவார்கள், ஆளைக் கொண்டுவா என்று அர்த்தம் என்றேன். மாலினி யோசித்தார். அப்படியென்றால் பாடி வருகிற இடத்தில் எல்லாம் ஆள் என்று எழுதித் தரச் சொன்னார். குமாஸ்தா பதறினார். டைப் செய்த காகிதத்தில் கை வைத்தால் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்களாம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் — எழுத வேண்டாம், ஆள் என்று சொல்லி முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

படித்தார். "அந்த ஆள... கோர்ட் முன்னாடி... ஆள் எங்க கீறாருன்னு..." ஓர் இடத்தில் பழக்கத்தில் 'பா' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். மாலினி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அவசர மனுவாக எடுத்துக்கொண்ட கோர்ட், ஆளை நேரில் கொண்டுவரச் சொன்னது. மூன்றாம் நாளே விசாரணை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. போனேன்.

எதிர்த்தரப்பு வாதம் எளிமையானது. அது சிறை அல்ல, முகாம். அடைத்து வைக்கவில்லை, தங்க வைத்திருக்கிறோம். அடைக்காத ஒருவரை விடுவிக்கச் சொல்லி மனு எப்படிப் போட முடியும்? கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. வெளியிலிருந்து பூட்டுகிற இடத்தில் நாம் யாரும் விருந்தாளியாகத் தங்கியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த உத்தரவு வரும்வரை நாடு கடத்தக் கூடாது என்றது கோர்ட். மற்றதெல்லாம் பிறகு விசாரிக்கப்படும். குமாஸ்தா என் காதோரம் வந்து, இதுவே பெரிய விஷயம் சார் என்றார். பெரிய விஷயம்தான். விமானம் நின்றுவிட்டதே.

வராந்தாவில் கணவனும் மனைவியும் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள விட்டார்கள். சுற்றி நாலு போலீஸ். இத்தனை மாதம் கழித்து மனிதர் என்ன பேசினார் தெரியுமா? இந்த வெயிலில் குடை இல்லாமல் ஏன் வந்தாய் என்று மனைவியைத் திட்டினார். மாலினியும் விடவில்லை. "உங்களைக் கொண்டுவர நான் பட்ட பாடு... வந்த உடன பேச்சைப் பாருங்கோ." காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

பிறகு அவரை முகாமிலிருந்து கொண்டுவந்த அதே வேனில் திரும்ப ஏற்றினார்கள். மாலினி வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளைக் கொண்டுவா என்பதுதான் மனுவின் பெயர். கொண்டுவந்தார்கள். ஆளை விட்டுவிடு என்று பெயர் வைத்திருக்கலாம்.